விரல் பின்னல் பஞ்சு பொம்மை: எங்கே கோணுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஊசி இல்லாமல் விரலிலேயே உல்லன் நூலைப் பின்னி, அந்த நாடாவைச் சுருட்டியும் தைத்தும் பஞ்சடைத்தும் பாம்பு, நத்தை, முயல் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பின்னத் தெரியும், ஆனால் பொம்மை நினைத்தபடி வரவில்லை என்பவர்கள், தங்கள் கையில் இருக்கும் குறையைக் கீழே தேடி நேராக அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற குறைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

தொடங்கும் முன்: நூலும் விரலும்

கடையில் உல்லன் என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல். அந்த நூலை ஊசியில் பின்னுகிறவர்கள் 4 மி.மீ. பருமனுள்ள ஊசியை எடுப்பார்கள். வளர்ந்தவரின் விரலோ சுமார் 16 மி.மீ. இருக்கும். அதாவது அந்த நூலுக்கு ஏற்ற ஊசியைவிட நான்கு மடங்கு பருமனான ஒன்றில் பின்னுகிறோம். கண்ணிகள், அதாவது பின்னலின் நூல் வளையங்கள், பெரிதாகத்தான் விழும், நடுவே இடைவெளி தெரியத்தான் செய்யும். இது உங்கள் கைக்குறை இல்லை.

ஆகவே விரல் பின்னலில் கிடைப்பதை ஒரு தடித்த, நன்றாக இழுபடும் கயிறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துணியைப் போல அது பஞ்சைப் பிடித்து வைக்கும் என்றோ, வெட்டின அளவிலேயே நிற்கும் என்றோ எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கயிற்றைக் கொண்டு ஒரு விலங்கைக் கட்டுகிறோம் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால், எங்கே உள்துணி வேண்டும், எங்கே கூடுதல் தையல் வேண்டும் என்பது தானே புலப்படும்.

நூல் மெல்லியதாக இருந்தால் இரண்டு அல்லது மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். இரண்டு நிறத்தைச் சேர்த்தால் ஆட்டுக்கும் பூனைக்கும் நல்ல கலவை நிறம் கிடைக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தையின் விரல் மெலிதாக இருப்பதால் அவர்கள் பின்னும் நாடா நெருக்கமாக வரும். ஒரே பொம்மையில் அம்மா பின்னிய நாடாவும் குழந்தை பின்னிய நாடாவும் கலந்தால் அகலம் ஒத்துப்போகாது. உடம்பு ஒருவர், காதும் வாலும் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனி சிவக்கிறது, கண்ணியைத் தூக்கவே முடியவில்லை

நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றுகிறீர்கள். அதனால்தான் விரலில் ஏற்கெனவே இருக்கும் கண்ணியை, புதிதாகச் சுற்றிய இழைக்கு மேலாக விரல் நுனியைத் தாண்டித் தூக்கிவிட முடியவில்லை. நுனி சிவப்பதோடு நிற்காமல் நீலம் பாய்ந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது கண்ணிகளை அதே வரிசையில் ஒரு பென்சிலிலோ ஐஸ்கிரீம் குச்சியிலோ ஏற்றி வையுங்கள். கை ஆறிய பிறகு சுட்டுவிரலில் இருந்ததை சுட்டுவிரலிலேயே திருப்பி மாட்டினால் போதும்.

மறுபடி தொடங்கும்போது நூலை விரலின் மேல் வைத்தால் போதும், இழுக்க வேண்டாம். கண்ணி விரலின் அடியில், உள்ளங்கையை ஒட்டி உட்கார வேண்டும். நடுக் கணுவில் நின்றால்தான் இறுகும். விரல்களைக் கொஞ்சம் விரித்தே வைத்திருங்கள். சேர்த்து வைத்துச் சுற்றிவிட்டுப் பிறகு விரித்தால், விரியும் அளவுக்கு நூல் இல்லாமல் கண்ணிகள் கடிக்கும். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் புறங்கைப் பக்கம் தொங்கும் நாடாவை மெல்ல ஒரு முறை கீழே இழுத்துவிடுங்கள். கண்ணிகள் தாமாகச் சமப்படும்.

நாடா திடீரென்று ஒல்லியாகிவிட்டது

ஒரு விரலின் கண்ணி நழுவிவிட்டது. அதிகம் நழுவுவது சுண்டுவிரலில்தான். குட்டை விரல், அதோடு ஓரத்திலும் இருக்கிறது. பின்னுகிறவர்களைக் கலங்கவைக்கும் குறை இதுதான், முக்கியமாகக் குழந்தைகளை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் பிரித்துவிடாதீர்கள்.

முதலில் எத்தனை வரிசைக்கு முன் நழுவியது என்று பாருங்கள். நழுவிய விரலுக்கு நேர் கீழே நாடாவில் ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் தெரியும். அந்த ஏணியின் அடியில் ஒரு கண்ணி தனியாக, வாய் திறந்து நிற்கும். அதுதான் தொலைந்த கண்ணி. இப்போதைக்கு அதில் ஒரு ஊக்கை மாட்டிவிடுங்கள். இனி கீழே ஓடாது.

பிறகு ஒரு குரோஷா ஊசி எடுத்து, கண்ணிகள் சடைபோல அடுக்கித் தெரியும் பக்கத்தை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, அதற்கு மேலே இருக்கும் முதல் குறுக்கிழையைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. இப்போது ஊசியில் இருப்பது புதிய கண்ணி. அதற்குள் அடுத்த குறுக்கிழையை இழுங்கள். கடைசிப் படி வந்ததும் கண்ணியை உரிய விரலில் மாட்டிவிட்டுப் பின்னலைத் தொடருங்கள். குரோஷா ஊசி இல்லையென்றால் சுட்டுவிரலாலேயே இழுக்கலாம், கண்ணிகள் அவ்வளவு பெரியவை.

ஓரக் கண்ணியாக இருந்தால் ஏணிப்படிகள் சரியாகத் தெரியாது, இழைகள் ஓரத்தில் வளைந்து தொங்கும். அவற்றைக் கீழிருந்து மேலாக அதே முறையில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வாருங்கள். பத்துப் பதினைந்து வரிசை தாண்டிப் போயிருந்தால், சரிசெய்யும் நேரத்தைவிடப் பிரித்துப் பின்னும் நேரம் குறைவு. விரலிலிருந்து கண்ணிகளைக் கழற்றி நூல் நுனியை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரியும். ஒல்லியாகும் இடத்துக்கு முந்தின வரிசையில் நிறுத்தி நான்கு கண்ணிகளையும் விரலில் ஏற்றுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அந்த நாடா சுருட்டலின் உள்ளே போகும் பகுதி என்றால், நழுவிய கண்ணியை அதே நிற நூலால் பக்கத்துக் கண்ணியோடு நான்கைந்து முறை சேர்த்துத் தைத்து முடிச்சிட்டுவிடுங்கள். வெளியே தெரியாது, மேலும் பிரியவும் பிரியாது.

இது வராமல் தடுக்க ஒரு சோதனை இருக்கிறது. சுட்டுவிரலுக்கு முன், நடுவிரலுக்குப் பின், மோதிரவிரலுக்கு முன், சுண்டுவிரலுக்குப் பின் என்று போய், சுண்டுவிரலைச் சுற்றி அதே மாதிரி மாற்றித் திரும்பி வந்தால், உள்ளங்கைப் பக்கம் ஒவ்வொரு விரலிலும் ஓர் இழை புதிதாக ஏறியிருக்கும். கண்ணியைத் தூக்கும் முன் ஒரு கணம் பாருங்கள்: எல்லா விரலிலும் இரண்டு இழை இருக்க வேண்டும். எங்காவது ஒன்றோ மூன்றோ தெரிந்தால் சுற்றியது தவறு. தூக்கும் முன் கண்டுபிடித்தால் சுற்றியதை அவிழ்த்துச் சுற்றினால் முடிந்தது. குழந்தைகளுக்கு முதலில் இந்தச் சோதனையைத்தான் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து. வேகம் அப்புறம் வந்துகொள்ளும்.

ஒரு ஓரம் தொளதொள, மறு ஓரம் இறுக்கம்

சுண்டுவிரல் மெலிது, அதனால் அந்த ஓரத்துக் கண்ணி சின்னதாக விழும். சுட்டுவிரல் ஓரத்தில் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கை நின்று தொடங்குகிறது, நூல் தளர்கிறது. சுண்டுவிரலைச் சுற்றும்போது சற்றுத் தளர்த்தியும், அடுத்த வரிசை தொடங்கும் முன் சுட்டுவிரல் பக்க நூலைச் சற்று இழுத்தும் வந்தால் வித்தியாசம் குறையும்.

ஏற்கெனவே பின்னியாகிவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். வட்டமாகச் சுருட்டும் வேலைக்கு இந்த நாடாதான் உத்தமம். இறுகிய ஓரத்தை உள்பக்கமும் தளர்ந்த ஓரத்தை வெளிப்பக்கமும் வைத்தால், வெளிச்சுற்றுக்கு வேண்டிய கூடுதல் நீளம் அதிலேயே இருக்கிறது.

நாடா தட்டையாக நிற்காமல் குழலாகச் சுருள்கிறது

அதன் சுபாவம் அது. ஊசியில் பின்னிய சாதாரணப் பின்னலும் இப்படித்தான், ஓரங்கள் பின்பக்கமாகச் சுருளும். தண்ணீர் தெளித்து, இழுத்து, குண்டூசி குத்தி எத்தனை மணி நேரம் வைத்தாலும் அக்ரிலிக் நூல் பழையபடி சுருண்டுகொள்ளும். இஸ்திரிப் பெட்டி வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட அக்ரிலிக் உயிர் போனது மாதிரி தொய்ந்து பளபளக்கும், பழைய நிலைக்குத் திரும்பாது.

பாம்புக்கும் வாலுக்கும் காலுக்கும் குழல்தான் வேண்டும், அப்படியே விடுங்கள். முயலுக்கு அகலமான பரப்பு வேண்டுமென்றால் நாடாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரத்தோடு ஓரம் தையுங்கள். ஓரம் இன்னொரு ஓரத்தோடு கட்டப்பட்ட பிறகு சுருள இடமிருக்காது. வெளி ஓரங்கள் இரண்டும் மட்டும் சுருளும், அவை எப்படியும் தையலுக்குள் போகப்போகின்றன.

முடித்துவைத்த நாடா பிரிந்துபோகிறது

விரல் பின்னல் முடித்த முனையிலிருந்துதான் பிரியும். கடைசி வரிசையில் விரலுக்கு ஒரு கண்ணி இருக்கும்போது, ஒரு முழ நூல் விட்டு வெட்டி, மழுங்கிய முனையுள்ள உல்லன் ஊசியில் கோத்து, நான்கு கண்ணிகளுக்குள்ளும் இரண்டு முறை விட்டு, அதன் பிறகே விரலிலிருந்து கழற்றி இழுங்கள். ஒரு முறை மட்டும் விட்டு இறுக்கினால், அக்ரிலிக்கின் வழுவழுப்பில் குழந்தை இழுத்த இழுப்பில் வந்துவிடும். மீதி நூலை வெட்டாதீர்கள், பொம்மையைத் தைக்க அதுவே வேண்டும்.

நடுவில் நூல் தீர்ந்து புது நூல் சேர்த்த இடம் விட்டுப்போனாலும் காரணம் இதே வழுவழுப்புதான். பழைய நூலும் புது நூலும் இரண்டும் சேர்ந்து இரண்டு வரிசை பின்னப்படும்படி செய்து, நுனிகளை உள்ளே கோத்துவிடுங்கள். முடிச்சு மட்டும் போட்டால் அது பொம்மையின் முகத்தில்தான் வந்து நிற்கும், எப்படியோ.

நத்தை ஓடு தட்டையாக வரவில்லை

இரண்டு விரலில் பின்னிய கயிறு சுமார் ஒன்றரை செ.மீ. அகலம் இருக்கும். ஒன்றேகால் மீட்டர் கயிற்றைச் சுருட்டினால் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, 15 செ.மீ. குறுக்களவுள்ள ஓடு கிடைக்கும். அது கிண்ணம் மாதிரி குழிந்தால் வெளிச்சுற்றுக் கயிற்றை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். அலை அலையாக நெளிந்தால் கயிற்றைத் தாராளமாக விட்டிருக்கிறீர்கள்.

கணக்கு எளியது. ஒவ்வொரு சுற்றும் அதற்கு உள்சுற்றைவிடக் கயிற்றின் அகலத்தைப் போல ஆறே கால் மடங்கு கூடுதல் நீளம் கேட்கும். ஒன்றரை செ.மீ. கயிற்றுக்குச் சுற்றுக்குச் சுற்று ஒன்பதரை செ.மீ. கூட வேண்டும். அளவு நாடா வைத்து அளக்கச் சொல்லவில்லை. மேசைமேல் தட்டையாக வைத்துச் சுருட்டி, கையில் தூக்காமல் அங்கேயே தையுங்கள். கையில் தூக்கிப் பிடித்துத் தைத்தால் விரல் தானாகவே கயிற்றை இழுக்கும், ஓடு குழியும்.

குழிந்துவிட்ட ஓட்டைப் பிரிக்க மனமில்லையா? அதே மாதிரி இன்னொன்று செய்து, இரண்டு குழிவையும் எதிரெதிரே வைத்து விளிம்பைத் தைத்து உள்ளே பஞ்சடையுங்கள். ஆமையின் ஓட்டுக்கும் யானையின் தலைக்கும் இப்படி வேண்டுமென்றே இழுத்துத் தைக்க வேண்டியிருக்கும். அலையாக நெளிந்ததற்கு மட்டும் வேறு வழி இல்லை. நெளிவு தொடங்கும் சுற்றுவரை தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

முயலின் தலை பிரிந்து தெரியவில்லை, காது எழவில்லை

சதுரத் துண்டிலிருந்து முயல் செய்யும் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளி மரபில் சின்னக் குழந்தைகளின் கைவேலையாக இப்படிப்பட்ட எளிய விலங்குகள் செய்யப்படுகின்றன, ஊசியைத் தொடும் முன் விரல் பின்னலும் அங்கே பழக்கப்படுகிறது. நான்கு விரலில் பின்னிய 20 செ.மீ. நாடாக்கள் ஐந்தைச் சேர்த்துத் தைத்தால் ஏறத்தாழ அந்தச் சதுரம் வந்துவிடும். சதுரத்தின் நடுவில் குறுக்காக ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக மாற்றி ஓட்டும் தையல்) போட்டு, அதன் இரு முனையிலிருந்தும் மேல் ஓரத்தின் நடுப்புள்ளிக்கு ஏற்றி ஒரு முக்கோணம் ஆக்குங்கள். முக்கோணத்தின் உள்ளே பஞ்சு வைத்து நூலை இழுத்தால் அது தலையாகத் திரளும், மேல் மூலைகள் இரண்டும் காதாக எழும்.

எழவில்லை என்றால் முதலில் முக்கோணத்தின் உச்சியைப் பாருங்கள். அது மேல் ஓரத்துக்கு இரண்டு விரல் கீழேயே நின்றிருந்தால் இரண்டு காதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு குல்லா மாதிரி ஆகும். உச்சி ஓரத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, ஓட்டுத்தையல் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஊசிப் பின்னலில் ஊசியை எங்கே குத்தினாலும் ஏதாவது இழை சிக்கும். விரல் பின்னலில் பாதிக் குத்து இடைவெளிக்குள்ளேயே போய்வரும். இழுக்கும்போது தையல் நூல் நேர்க்கோடாக நழுவி வரும், திரளாது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துத் தையுங்கள். ஒற்றை இழையைப் பிடித்தால் அந்த இழை மட்டும் நீண்டு, கழுத்தில் ஓட்டை விழும். சுருக்கி இழுக்கும் நூல் உல்லனாக இருக்க வேண்டாம், நடுவில் அறும். உறுதியான தையல் நூலை நான்கு இழையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காதுகள் தனியாகப் பின்னி வைக்கிறவர்களுக்கு ஒன்று: இரண்டையும் அளவுகோலால் அளக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள். இழுபடும் பின்னலில் செ.மீ. கணக்கு கையின் இழுப்புக்கு ஏற்ப மாறும். பதினெட்டு வரிசைக்குப் பதினெட்டு வரிசை என்றால் மாறாது.

தலை தொங்குகிறது

விரல் பின்னல் பொம்மைகளில் அதிகம் பார்க்கும் குறை. பெரும்பாலும் எல்லோரும் தேடும் மருந்து தலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு, கழுத்தில் இன்னும் இறுக்கமாக ஒரு சுருக்கு. இரண்டுமே நோயைக் கூட்டும். தலை கனக்கிறது, கழுத்து மெலிகிறது.

தலையையும் உடம்பையும் கழுத்தில் இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு அழுந்தினால் அங்கே பஞ்சே இல்லை. தலைக்குத் தனியாக, உடம்புக்குத் தனியாகப் பஞ்சு வைத்து, நடுவில் வெறும் பின்னல் மட்டும் தலையைத் தாங்குகிறது. இழுபடும் கயிறு எப்படித் தாங்கும்?

பழைய பனியன் துணியையோ வேட்டித் துணியையோ கட்டைவிரல் பருமனுக்கு இறுக்கமாகச் சுருட்டி, நூலால் சுற்றிக் கட்டுங்கள். 20 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்கு ஆறேழு செ.மீ. நீளம் போதும். முதுகுத் தையலில் மூன்று செ.மீ. பிரித்து, கழுத்துச் சுருக்கையும் தளர்த்தி, இந்தச் சுருளைப் பாதி தலைக்குள்ளும் பாதி மார்புக்குள்ளும் நிற்கும்படி நுழையுங்கள். சுற்றிலும் பஞ்சைச் சன்னமாகப் பிய்த்து வைத்து நிரப்பி, கழுத்துச் சுருக்கை அந்தச் சுருளின் பருமனுக்கு மட்டும் இழுத்துக் கட்டுங்கள். அதன் பிறகு கழுத்தைச் சுற்றி, மேலே ஒரு கண்ணி கீழே ஒரு கண்ணி என்று மாற்றிப் பிடித்து இரண்டு சுற்றுத் தையுங்கள். ஊசி உள்ளிருக்கும் துணிச் சுருளையும் சேர்த்துக் குத்தட்டும். தலை இனி துணியில் நிற்கும், பின்னலை நம்பி இருக்காது.

கம்பி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்ட்ரா எதையும் கழுத்துக்குள் வைக்காதீர்கள். இந்தப் பின்னலின் இடைவெளி வழியாக அவை ஒரு நாள் வெளியே எட்டிப் பார்க்கும், குழந்தையின் முகத்துக்கு நேராக.

நிற்காமல் கால் பரப்பிக்கொண்டு விழுகிறது

நான்கு காலில் நிற்கும் விலங்கு இந்தப் பின்னலுக்குக் கடினம்தான். ஆரம்பத்தில் படுத்திருக்கும் ஆடு, உட்கார்ந்திருக்கும் முயல் என்று தேர்ந்தெடுப்பதே நல்லது. நிற்கத்தான் வேண்டும் என்றால் காலுக்கு நாடாவை இரண்டாக மடித்துத் தைத்து, குட்டையாக வையுங்கள். கால்களை விலாவில் ஒட்டாமல் வயிற்றின் அடியில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு காலின் உள்பக்கத்தையும் மேலே ஒரு செ.மீ. உயரத்துக்கு வயிற்றோடு சேர்த்துத் தையுங்கள். அந்த ஒரு தையலில்தான் நிற்பது இருக்கிறது.

கனத்துக்காகக் காலுக்குள் அரிசி, பயறு போடுகிறவர்கள் உண்டு. வண்டு வரும், ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், பின்னல் இடைவெளியில் ஒன்றிரண்டாக வெளியே வந்து குழந்தை வாய்க்குப் போகும். வேண்டாம்.

பஞ்சு வெளியே தெரிகிறது, அல்லது கட்டி கட்டியாக இருக்கிறது

பஞ்சு தெரிவதற்கு ஒரே நிரந்தரத் தீர்வு உள்துணி. பொம்மையின் நிறத்திலேயே பழைய பனியன் அல்லது டிசர்ட் துணியில் ஒரு பை தைத்து, பஞ்சை அதில் அடைத்து, அதன் மேல் பின்னலைப் போர்த்தித் தையுங்கள். பின்னலாடைத் துணி என்பதால் அதுவும் கூடவே இழுபடும். பாம்புக்கு நீளமான பழைய சாக்ஸ் கச்சிதமாக இருக்கும். முடிந்துவிட்ட பொம்மையென்றால் முதுகைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு உள்துணியைச் சொருகுங்கள். அரை மணி நேர வேலை, செய்வது தகும்.

பஞ்சை அழுத்தி அழுத்தித் திணித்தால் பொம்மை விறைப்பாக நிற்கும் என்று தோன்றும். இந்தப் பின்னலில் அது நடக்காது. திணிக்கத் திணிக்கக் கண்ணிகள் விரியும், பொம்மை ஊதும், இடைவெளி பெரிதாகும். விறைப்பு வேண்டுமானால் அதைக் கொடுப்பது உள்துணியே. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் மெல்ல நிரம்ப வேண்டும். அழுத்தும்போதே கண்ணிகள் வாய் பிளந்தால் பஞ்சு அதிகம்.

எந்தப் பஞ்சு? தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு துள்ளலாக இருக்கும், துவைக்கலாம், சீக்கிரம் உலரும். குழந்தை பொம்மைக்கு நான் அதைத்தான் சொல்வேன். இலவம் பஞ்சு மிக இலேசானது, அருமையான மென்மை. ஆனால் அதன் இழைகள் வழுவழுப்பானவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. எவ்வளவு சின்ன இடைவெளி கிடைத்தாலும் நழுவி வெளியே வரும். நெருக்கமாக நெய்த துணியில் பை தைத்தால் மட்டுமே அதைப் போடலாம், அடைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், ஜன்னலோரமும் ஃபேன் அடியும் வேண்டாம். சாதாரணப் பருத்திப் பஞ்சு கனம், ஈரத்தை உறிஞ்சும், ஒரே துவைப்பில் கட்டியாகும்.

கட்டி கட்டியாக இருப்பது பஞ்சைப் பிடி பிடியாக அள்ளி வைப்பதால் வருகிறது. மூக்கு, பாதம் போன்ற கடைக்கோடிகளிலிருந்து தொடங்கி, புகை மாதிரி மெலிதாகப் பிய்த்த பஞ்சைச் சிறிது சிறிதாக வையுங்கள். ஏற்கெனவே அடைத்த பொம்மையில், பின்னல் இடைவெளி வழியாக ஒரு தடித்த ஊசியை விட்டு உள்ளே இருக்கும் கட்டியைக் கிளறிவிடலாம். உள்துணி இல்லாததால் கிடைக்கும் ஒரே வசதி இது.

கண் உள்ளே போய்விடுகிறது, முகம் முறைக்கிறது

கண்ணைத் தைத்த நூலின் முடிச்சு பின்னல் இடைவெளி வழியாக நழுவிவிடுகிறது. காதின் அடியில் ஊசியை விட்டு, கண் வரும் இடத்தில் எடுத்து, அங்கே உள்துணியையும் ஒரு உல்லன் இழையையும் சேர்த்து இரண்டு சின்னப் பின்தையல் (ஊசியைப் பின்னே திருப்பிக் குத்திப் போடும் தையல்) போட்ட பிறகு கண்ணைத் தையுங்கள். கண்ணைத் துணி பிடித்துக்கொள்ளும்.

முகபாவம் சரியில்லை என்றால் பெரும்பாலும் கண்கள் உயரமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். குட்டி விலங்கின் முகம் வேண்டுமென்றால் தலையின் பாதி உயரத்துக்குக் கீழே, நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். தைக்கும் முன் இரண்டு குண்டூசியைக் குத்தி, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். இந்தப் பின்னலுக்குள் ஒரு குண்டூசி புகுந்துகொண்டால் வெளியே தெரியாது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பொத்தான், மணி, ஒட்டும் பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். கறுப்பு நூலால் தைத்த கண் போதும், அழகும் அதுதான். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் சின்னப் பாகங்களைப் போட்டுப் பார்க்கும் உருளையின் வாய் 31.7 மி.மீ.; அதற்குள் அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து. கைக்குழந்தைக்குத் தொங்கும் நீளக் கயிறுகளும் பெரிய திறந்த கண்ணிகளும் கூடாது. பிஞ்சு விரல் கண்ணிக்குள் மாட்டிக்கொள்ளும், நீளக் கயிறு கழுத்தைச் சுற்றும். அப்படிப்பட்ட குழந்தைக்கு விரல் பின்னல் பொம்மையை விளையாடக் கொடுப்பதைவிட, எட்டாத அலமாரியில் வைத்துக் காட்டுவது நல்லது.

விற்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு: இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முதல் ஆர்டர் வாங்கும் முன் அந்தப் பதிவைப் பாருங்கள்.

நாளாக ஆக நீண்டு மெலிகிறது

பாம்பும் குரங்கின் கையும் இப்படி ஆகும். பின்னிய நாடாவைத் தைக்கும் முன் இரண்டு கையாலும் நீளவாக்கில் நன்றாக இழுத்துவிட்டு, ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, பிறகு அளந்து தைக்க வேண்டும். நீண்டுவிட்ட பொம்மைக்கு, அதே நிறத் தையல் நூலை முதுகு நெடுக ஓட்டுத்தையலாகப் போட்டு, தேவையான நீளத்துக்குச் சுருக்கி முடிச்சிடுங்கள். நூல் நீளாது, பின்னலும் அதற்கு மேல் நீளாது.

துவைத்த பிறகு உருமாறிவிட்டது

மெஷினில் போட்டிருப்பீர்கள், அல்லது காதில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருப்பீர்கள். ஈரப் பின்னல் தன் கனத்திலேயே நீளும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து, பொம்மையை முக்கி முக்கி எடுத்து, பிழியாமல் ஒரு துண்டுக்குள் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே கையால் உருவத்தைப் பிடித்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் வலைக்கூடையின் மேல் கிடத்துங்கள், இரண்டு மூன்று முறை திருப்பிப் போடுங்கள். நிஜக் கம்பளி நூலென்றால் வெந்நீர் கூடவே கூடாது, சுருங்கி அடர்ந்து கெட்டியாகிவிடும்.

மழைக்காலத்தில் வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அழுத்தி முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை வந்தால் முதுகைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். வாடை போகாத பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அடையுங்கள். பின்னலும் உள்துணியும் பல காலம் உழைக்கும், பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் முதுகுத் தையலை எப்போதும் கொஞ்சம் மாறுபட்ட நிற நூலால் போடுங்கள், அடுத்த முறை எங்கே பிரிப்பது என்று தேட வேண்டியிராது.